நீரில் மறைந்த நஞ்சும் பூசிய மின்வாயும்



பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் ஊரூராகத் திரிந்த காலத்தை முதியோர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். முற்றத்து மூலையிலே சிறு குழி தோண்டிக் கரி நெருப்பு மூட்டித் துருத்தியால் ஊதுவர். பாத்திரம் பழுக்கச் சூடேறியதும் நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத் துண்டொன்றை உள்ளே தேய்த்து, துணிப் பந்தினால் ஒரே சுழற்சியிற் பரப்பிவிடுவர். கண்மூடித் திறப்பதற்குள் மஞ்சட் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளி போல் மின்னும். அதன் பின்னர் அப் பாத்திரத்திற் புளி கரைத்துக் கொதிக்க வைத்தாலும் களிம்பு ஏறுவதில்லை. பாத்திரம் அதே பாத்திரம். மாறியது அதன் மேற்பரப்பு மாத்திரமே. பூச்சின் தடிப்போ ஒரு தலைமயிரின் தடிப்புக்கும் குறைவு. ஆயினும் சோற்றையும் குழம்பையும் தீண்டுவது அந்த மெல்லிய பூச்சேயாதலால், பாத்திரத்தின் குணத்தை வகுப்பதும் அதுவே.

குடிநீரில் மறைந்திருக்கும் நச்சு உலோகங்களைக் கண்டுபிடிக்கும் கருவிகளிலும் இந்த உண்மையே வேலை செய்கின்றது. ஒரு மின்வாயின் மேற்பரப்பிலே தக்கதொரு பொருளைப் பூசிவிட்டால், நீரிற் கரைந்துள்ள பலவற்றுள்ளும் வேண்டிய உலோகத்தை மாத்திரம் அது பற்றிக்கொள்ளும். அம் மின்வாய் எவ்வாறு தோன்றியது, எந்த அளவுக்கு அதை நம்பலாம் என்பவற்றை ஆராய்வதே இப் பேச்சின் நோக்கம்.

முதலில் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. குடிநீரில் ஈயம் ஒரு லீற்றருக்குப் பத்து மைக்குரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டல் அளவு. ஒரு மைக்குரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கி எடுத்த ஒரு கூறு. இவ்வாறு சொன்னால் மனத்தில் எதுவும் பதிவதில்லை. வறட்சிக் காலத்திற் கிராமங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பவுசரை நினைத்துக்கொள்ளுங்கள். அது 10,000 லீற்றர் கொள்வதாயின், அவ்வளவு நீருக்கும் அனுமதிக்கப்பட்ட ஈயம் 0.1 கிராம் மாத்திரமே. அதாவது நான்கைந்து அரிசி மணிகளின் நிறை. கட்மியத்துக்கு வகுத்த அளவு இன்னும் குறைவு. லீற்றருக்கு மூன்று மைக்குரோகிராம். இந்த அளவில் இவற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, சுவையுமில்லை. காய்ச்சினாலும் போவதில்லை, நீர் வற்ற வற்ற எஞ்சிய நீரில் அவற்றின் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. ஈயமோ வளரும் பிள்ளையின் மூளையைத் தாக்குவது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று பிள்ளைகளுக்கு வரையறுத்துச் சொல்லக்கூடிய அளவு எதுவும் அறியப்படவில்லை.

கண்ணுக்குத் தெரியாத இப் பகையினால் ஒரு நகரமே அல்லற்பட்ட கதையை அண்மைக் காலத்தில் உலகம் கண்டது. அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்திலுள்ள பிளின்ற் நகரம், 2014ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், செலவைக் குறைக்கும் பொருட்டு, தெற்றோயிற்றிலிருந்து வாங்கிவந்த ஏரி நீரை நிறுத்திவிட்டுத் தன் ஊர் ஆற்று நீரைக் குழாய்களில் விட்டது. பழைய நகரங்கள் பலவற்றைப் போலவே அங்கும் நிலத்தடியில் ஈயக் குழாய்கள் இருந்தன. முன்னர் வந்த நீரிற் பொசுபேற்று என்னும் உப்புச் சேர்க்கப்பட்டிருந்தமையால், அக் குழாய்களின் உட்புறத்திலே காப்புப் படலமொன்று படிந்திருந்தது. ஆற்று நீருக்கு அந்த உப்பைச் சேர்க்கவில்லை. படலம் கரைந்தது, ஈயம் நீரிற் கலந்தது. இங்கும் எல்லாம் ஒரு மெல்லிய பூச்சிலேயே தங்கியிருந்தமை கவனிக்கத்தக்கது. இரும்புத் துருவினாற் பழுப்பேறிய நீரைக் கண்ணாடிக் குவளைகளில் ஏந்திக்கொண்டு மக்கள் முறையிட்டனர். துரு கண்ணுக்குத் தெரிந்தது, ஈயம் தெரியவில்லை. நீர் பாதுகாப்பானது என்றே அவர்களுக்கு விடையளிக்கப்பட்டது.

2015ஆம் ஆண்டில் வேர்ஜீனியா தெக் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் குழுவொன்று முந்நூறு வீடுகளுக்குப் போத்தல்களை அனுப்பியது. நீர் நிரப்பப்பட்டுத் திரும்பி வந்தவை 252 வீடுகளின் போத்தல்கள். அவை மாநிலம் கடந்து ஆய்வுகூடம் சென்று, அங்கே பெரும் பொறியொன்றினுட் செலுத்தப்பட்டன. பல்லாயிரம் பாகை வெப்பமுள்ள ஆகன் வாயுப் பிழம்பிலே நீர்த் திவலைகளை எரித்து, வெளிவரும் அணுக்களை அவற்றின் நிறைக்கேற்பப் பிரித்து எண்ணும் பொறி அது. அதன் நுட்பத்துக்கு நிகரில்லை. ஆனால் அதற்குத் தனி அறை வேண்டும். இடையறாத வாயு வேண்டும். பயின்ற கைகள் வேண்டும். பெரும் பணமும் வேண்டும். ஆற்று நீரைக் கைவிட்டு நகரம் பழைய நீருக்கு மீண்டபோது 2015ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் ஆகிவிட்டது. நகரத்துப் பிள்ளைகள் அந்நீரைக் குடித்த காலம் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு.

நீரைப் பொறியிடம் கொண்டுசெல்வதை விடுத்து, பொறியை நீரிடம் கொண்டுசெல்ல முடியாதா? இக் கேள்விக்கு விடை தருவது மின்னிரசாயனம். அதன் வரலாறு பிளின்ற் நகரத்துக்கு வெகு தொலைவில், ஐரோப்பாவின் நடுவிலுள்ள பிறாக் நகரிலே தொடங்குகின்றது.

அந்நகரில் 1890ஆம் ஆண்டு பிறந்தவர் யரோஸ்லாவ் ஹெய்ரொவ்ஸ்கி. தந்தையார் உரோமச் சட்டம் கற்பித்த பேராசிரியர். 1918ஆம் ஆண்டிலே கலாநிதிப் பட்டத் தேர்வுக்கு நின்றபோது, தேர்வாளருள் ஒருவரான பேராசிரியர் குச்செரா, நுண்குழாயிலிருந்து சொட்டும் இரசத்துளிகளைப் பற்றி வினவினார். மின்னூட்டப்பட்ட இரசத்துளியின் நிறை எதிர்பார்த்தவாறு அமையவில்லை. ஏன் என்பது அவரது ஐயம். தேர்வுக் கேள்விகளைத் தேர்வு மண்டபத்திலேயே விட்டுவிட்டு வருவதுதான் மாணவர் வழக்கம். ஹெய்ரொவ்ஸ்கி அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். துளிகளை நிறுத்துப் பார்த்துச் சலித்தவர், ஈற்றில் துளியூடாகப் பாயும் மின்னோட்டத்தை அளந்து பார்த்தார். 1922ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் திகதி, அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தியபோது, கரைசலில் உள்ள பொருளுக்கேற்ப மின்னோட்டம் படியேறுவதைக் கண்டார். படி எந்த அழுத்தத்தில் எழுகின்றதோ அது பொருளின் பெயரைச் சொல்லும். படியின் உயரம் அதன் அளவைச் சொல்லும். இரண்டு மூன்று ஆண்டுகளில், யப்பானிய மாணவர் மசுசோ ஷிக்காத்தாவுடன் சேர்ந்து, இவ் வரைகோட்டைத் தானே பதிவு செய்யும் பொறியையும் அவர் அமைத்தார். 1959ஆம் ஆண்டு நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. துளி விழுந்தபின் வரும் அடுத்த துளிக்குப் புத்தம் புதிய முகம் இருந்தமையே அம் முறையின் வெற்றிக்கு ஒரு காரணம். மாசுபடாத மேற்பரப்பு மின்னிரசாயனத்துக்கு உயிர் போன்றது.

ஆனால் லீற்றருக்குப் பத்து மைக்குரோகிராம் என்னும் நுண்ணளவுக்கு அந்த முறை எட்டவில்லை. இதற்குப் பின்வந்தோர் கண்ட உபாயம் மிக எளிதானது: முதலிற் சேர்த்துக்கொள், பின்னர் அள. உலோக அயன் என்பது இலத்திரன்களை இழந்து நீரிற் கரைந்து திரியும் உலோக அணு. சொட்டாமல் தொங்கி நிற்கும் ஓர் இரசத்துளியை நீரிலிட்டு அதற்கு எதிரேற்றம் கொடுத்தால், அருகே வரும் ஈய அயன் இரண்டு இலத்திரன்களைப் பெற்று மீண்டும் ஈயமாகி இரசத்திற் கலந்துவிடும். நீரைக் கலக்கிக்கொண்டே சில நிமிடங்கள் விட்டால், பரந்த நீரிற் சிதறிக் கிடந்த ஈயம் ஒரு சிறு துளிக்குள் அடர்ந்து சேரும். பின்னர் கலக்குவதை நிறுத்தி, நீர் அமைதியடைந்ததும், அழுத்தத்தை நேர்த்திசையில் மெல்ல உயர்த்த வேண்டும். அப்போது சேர்ந்த உலோகங்கள் இலத்திரன்களை விட்டுவிட்டு மீண்டும் நீருக்குள் இறங்கும். எல்லாம் ஒருங்கே இறங்குவதில்லை. வழக்கமான வெள்ளி ஒப்பீட்டு மின்வாயை வைத்து அளந்தால், நாகம் ஏறத்தாழ மறை ஒரு வோல்ற்றிலும், கட்மியம் மறை 0.6 அளவிலும், ஈயம் மறை 0.4 அளவிலும், செம்பு சுழியத்தை அண்மித்தும் இறங்கும். கொழும்பில் ஏறிய இரவுப் புகையிரதப் பயணிகள் அனுராதபுரத்திற் சிலரும், வவுனியாவிற் சிலரும், யாழ்ப்பாணத்திற் சிலருமாக இறங்குவதை ஒப்பது இது. நிலையத்தின் பெயரைக் கொண்டு ஆளை அறியலாம். இறங்கியோர் தொகையைக் கொண்டு அளவை அறியலாம். ஒவ்வோர் உலோகமும் இறங்கும்போது மின்னோட்டம் ஒரு சிகரமாக எழுந்து தாழும். போலந்தின் வார்சோ நகரிலே விக்ரர் கெமுலா என்பார் 1950களில் இத் தொங்கு துளி முறையை வளர்த்தவர்களுள் முக்கியமானவர்.

இவ்வளவும் நன்று. ஆயினும் ஒரு முரண் எஞ்சியது. நீரிலுள்ள நஞ்சைத் தேடப் பயன்பட்ட கருவியே நஞ்சாயிருந்தது. யப்பானின் மினமாத்தா நகரில் 1956ஆம் ஆண்டு வெளிப்பட்ட கொடிய நோய்க்குக் காரணம், இரசாயன ஆலையொன்று கடலில் விட்ட மெதையில் இரசம். அது மீனில் ஏறி, மீன் உண்டோரின் நரம்புகளைச் சிதைத்தது. கருவிலிருந்த குழந்தைகளையும் விடவில்லை. ஆய்வுகூடத்து இரசத்துளிக்கும் அந்த ஆலைக்கும் தொடர்பில்லை என்பது உண்மையே. எனினும், கிணற்று நீரைப் பரிசோதிக்கப் போகும் ஒருவர் கிணற்றுக் கட்டிலே இரசப் போத்தலை வைத்துக்கொண்டு நிற்பதை எவர் விரும்புவர்? மினமாத்தாவின் பெயராலேயே 2013ஆம் ஆண்டு கைச்சாத்திடப்பட்ட உலக உடன்படிக்கை 2017ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்து, இரசத்தின் பயன்பாட்டை எங்கும் ஒடுக்கத் தொடங்கியது.

மாற்று வழி 2000ஆம் ஆண்டிலே தென்பட்டது. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில் யோசப் வாங் என்பாரும், சிலொவேனியா நாட்டினர் உட்பட அவருடைய சகாக்களும், காபன் மின்வாயின் மீது பிசுமதுப் படலத்தைப் பூசினால் இரசத்துக்கு ஈடாக ஈயத்தையும் கட்மியத்தையும் அளக்க முடியும் எனக் காட்டினர். பிசுமது வயிற்று நோய் மருந்துகளிற் சேரும் பொருள்; நச்சுத்தன்மை மிகக் குறைந்தது. ஈயத்துடனும் கட்மியத்துடனும் அது எளிதிற் கலப்புலோகமாகும். இரசம் செய்த வேலையை அது செய்வதற்குக் காரணம் இதுவே. குறையும் உண்டு. பிசுமதுவும் செம்பும் இறங்கும் நிலையங்கள் அருகருகே இருப்பதனால், செம்பை அளக்க அது அவ்வளவு உதவாது.

அடியிலுள்ள காபனைப் பற்றியும் இங்குச் சொல்லவேண்டும். இவ்வகை மின்வாய்கள் பலவற்றுக்கு ஆதாரப் பொருள் காரீயம். இலங்கையர்க்கு அது புதிய பொருளன்று. கேகாலை மாவட்டத்துப் போகலையிலும் குருநாகல் மாவட்டத்துக் ககட்டகாவிலும் சுரங்கங்களிலிருந்து வெட்டியெடுக்கப்படும் இலங்கைக் காரீயம் தூய்மைக்குப் பேர்பெற்றது. சொல்லிலே ஒரு வேடிக்கை இருக்கின்றது. காரீயம் என்பதற்குக் கரிய ஈயம் என்று பொருள். வெள்ளீயத்திலிருந்து பிரித்தறிய, உண்மையான ஈயத்தையும் நம் முன்னோர் அப் பெயராலேயே அழைத்தனர். பென்சிலுக்குள் இருப்பதை ஆங்கிலேயரும் ஈயம் என்றே சொல்லிப் பழகினர். பென்சிலில் ஈயம் அணுவளவுமில்லை. அதிலுள்ள காரீயம் வெறுங் காபன். பெயரால் ஈயமாய் இருந்தது, இன்று தொழிலால் ஈயத்தைக் காட்டிக்கொடுக்கின்றது.

1958ஆம் ஆண்டு அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்திலே றால்ப் அடம்ஸ் என்பார் காரீயத் தூளை எண்ணெயிற் குழைத்துப் பசையாக்கி ஒரு குழாயில் அடைத்து மின்வாயாக்கினார். பசையாதலால், பழுதானால் சிறிது வெளியே தள்ளி வழித்துவிட்டு, காகிதத்தில் தேய்த்துப் புது முகம் காணலாம். இரசத்துளிக்கிருந்த நற்பேறு காரீயத்துக்கும் கிடைத்தது. பசையிலே வேறு பொருளைக் கலப்பதும் எளிது. 1975ஆம் ஆண்டளவில் வட கரோலினாப் பல்கலைக்கழகத்து றோய்ஸ் மறே என்பாரும் அவர் மாணவரும், மின்வாயின் மேற்பரப்பிலே வேண்டிய மூலக்கூறுகளை இரசாயனப் பிணைப்பாற் பொருத்திக் காட்டி, இரசாயன முறையில் மாற்றிய மின்வாய் என்னும் பெயரையும் நிலைநிறுத்தினர். அதுவரை மின்வாய் வந்ததையெல்லாம் ஏற்கும் வாசலாயிருந்தது. இப்போது வாசலிலே ஆளறிந்து விடும் காவலன் வந்துவிட்டான்.

காவலன் யாவன் என்பதற்கு மூன்று உதாரணங்கள் போதும். உயர்தர வகுப்பு மாணவர் நிக்கல் உப்புக் கரைசலிலே அமோனியாவும் இருமெதயில் கிளையொட்சைமும் சேர்க்க, செம்பருத்தி நிறத்தில் வீழ்படிவு தோன்றுவதைக் கண்டிருப்பர். 1905ஆம் ஆண்டு உருசிய அறிஞர் சுகாயெவ் கண்டறிந்த பழைய சோதனை அது. 1986ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் அதே பொருளைக் காரீயப் பசையிற் கலந்தனர். அந்த மின்வாயை நீரிலே தோய்த்து வைத்தால், மின்னோட்டம் எதுவுமின்றியே நிக்கல் வந்து ஒட்டிக்கொண்டது. பின்னர் அதை எடுத்துத் தூய கரைசலில் வைத்து அளந்தனர். மாணவன் கண்ணாற் கண்ட சிவப்பை மின்வாய் பன்மடங்கு நுட்பமாகக் கண்டது.

இரண்டாவது, கந்தகம். இரசமும் கந்தகமும் ஒன்றையொன்று விடாமற் பற்றும் என்பதைச் சித்த வைத்தியர் நெடுங்காலமாக அறிவர். அவை சேர்ந்து உண்டாவதே சாதிலிங்கம். கந்தகமும் ஐதரசனும் சேர்ந்த ஒரு கூறு உடைய சேர்வைகளுக்கு, தென்மார்க்கு நாட்டு அறிஞர் சைசே 1830களில் இட்ட பெயரின் பொருளே இரசத்தைப் பிடிப்பது என்பதாம். அக் கூறுகளை மின்வாயிற் பொருத்தினால், நீரிலுள்ள இரசத்தை அவை தேடிப் பிடிக்கும்.

மூன்றாவது உதாரணமே மூன்றிலும் அழகானது. மனிதக் குருதியிலுள்ள அல்புமின் என்னும் புரதத்துக்குச் செம்பைப் பற்றுவதற்கென ஓரிடம் உண்டு. அந்த இடத்தைப் பார்த்துப் பாவனை செய்து, மூன்றே அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலியைப் பொன் மின்வாயிலே பொருத்தினர் சிட்னி நகரின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார். யஸ்ரின் கூடிங் என்பாரும் சகாக்களும் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட அவ் ஆய்விலே, இலட்சங்கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த செம்பை அது உணர்ந்தது. முன்சொன்ன பவுசர் கணக்கில், அது ஓர் அரிசி மணியின் இரண்டாயிரத்தில் ஒரு கூறு.

இத்தகைய எண்களைக் கேட்டவுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. வெளியிடப்படும் ஆய்வுகளிற் பெரும்பாலானவை மிகத் தூய நீரிலே அளந்த உலோகத்தை இட்டுச் சோதித்தவை. கிணற்று நீர் அவ்வாறன்று. மக்கிய இலைகளின் அமிலங்கள் அதிலுண்டு. அவை ஈயத்தைத் தம்மோடு பிணைத்து மறைப்பதுமன்றி, மின்வாயின் முகத்திலும் படிந்து அதைக் குருடாக்கும். ஆகவே நீருக்கு முதலில் அமிலம் சேர்த்து, மறைந்ததை வெளிப்படுத்த வேண்டும். ஈயத்தைப் பற்றும் காவலன் செம்பையும் சிறிது விடுவான். ஒருமுறை பிடித்ததை முற்றாகக் கழுவாவிட்டால், அடுத்த அளவு பொய்யாகும். அளப்பவரின் கைத் தூசியும் போத்தலின் அழுக்குமே நீரிலுள்ளதை விட அதிக ஈயம் தரவுங் கூடும். பூமியின் வயதைக் கணிக்கப் புகுந்த கிளேர் பற்றர்சன் 1950களில் ஆய்வுகூடத்துச் சுவரையும் காற்றையும் ஈயம் நீக்கித் தூய்மையாக்கப் பட்ட பாடு பெரிது. வாகன எண்ணெயிற் சேர்த்த ஈயம் உலகெங்கும் படிந்திருந்ததை அவர் உணர்ந்ததும் அவ்வாறே.

நம்பிக் கையிலெடுத்த கருவி பொய் சொன்ன சம்பவமும் உண்டு. பிள்ளைகளின் குருதியில் ஈயத்தை அளக்க, இம் முறையிலே இயங்கும் சிறு கருவியொன்று அமெரிக்காவில் வைத்தியர்களின் அறைகளிலே வழங்கிவந்தது. சர்க்கரை நோயாளர் வீட்டில் வைத்திருக்கும் கருவியைப் போல, ஒரு துண்டத்தில் துளி குருதி இட்டாற் போதும். விரல் நுனியிற் குத்தி எடுத்த குருதியில் அது நன்றாக வேலை செய்தது. நாளத்திலிருந்து குழாயில் எடுத்த குருதியில் உள்ளதை விடக் குறைத்துக் காட்டக்கூடும் என 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நாட்டு உணவு மருந்து நிருவாகம் எச்சரித்தது. இளம் பிள்ளைகள் பலருக்கு மறுபரிசோதனை செய்யும்படி அறிவுறுத்தப்பட்டது. குழாயின் இறப்பர் மூடியிலிருந்து கசிந்த கந்தகச் சேர்வையொன்று ஈயத்தைப் பிடித்துக்கொண்டமை காரணமாகக் கருதப்பட்டது. மின்வாய்க்கு உதவும் அதே இரசாயனம், மூடியில் இருந்தபோது மின்வாய்க்கு எதிராக நின்றது. அதிகமாய்க் காட்டியிருந்தாலாவது மறுமுறை பார்த்துத் தெளிந்திருப்பர். குறைத்துக் காட்டும் கருவி தாயை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றது.

இதனாலேயே பொறுப்புள்ள ஆய்வாளர் ஒரே அளவுடன் நிற்பதில்லை. சிகரத்தை ஒருமுறை அளந்தபின், அளவறிந்த ஈயத்தை அதே நீரிற் சிறிது சேர்த்து மீண்டும் அளப்பர். சேர்த்த அளவுக்குச் சிகரம் எவ்வளவு உயர்ந்தது என்பதைக் கொண்டு, முன்னிருந்ததைக் கணிப்பர். அந்த நீரின் குணங்கள் மின்வாயை மந்தமாக்கியிருந்தால், அம் மந்தம் இரண்டு அளவிலும் ஒருங்கே இருக்குமாதலால் கணக்குப் பெரிதும் பிழைப்பதில்லை. ஐயம் எஞ்சினால் அப் போத்தல் பெரிய ஆய்வுகூடத்துக்கே போகவேண்டும். சிறு மின்வாயின் வேலை, நூறு கிணறுகளுள் எந்தப் பத்தின் நீரை அங்கே அனுப்ப வேண்டும் என்பதைக் கிணற்றடியிலேயே சொல்லிவிடுவது. அட்டையில் அச்சிட்டது போன்ற மலிவான காபன் மின்வாய்களும், உள்ளங்கையளவு கருவிகளும் வந்துவிட்டமையால் அது கைக்கெட்டும் வேலையாகிவிட்டது.

எந்த நீரை அளப்பது என்பதை மாத்திரம் கருவி சொல்லாது. பிளின்ற் நகரிலே மாதிரி எடுக்கும் வீட்டாருக்கு, முதல்நாள் இரவு குழாயைத் திறந்து சில நிமிடம் ஓடவிட்ட பின்னரே மறுநாட் காலையில் நீர் எடுக்கும்படி அதிகாரிகள் எழுதிக் கொடுத்திருந்தனர். ஓடவிட்டால், குழாயிற் கிடந்து ஈயமேறிய நீர் போய்விடும். அளவும் குறைந்து வரும். வேர்ஜீனியாவிலிருந்து வந்த பொதியிலோ ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று போத்தல்கள் இருந்தன. முதலாவது, இரவு முழுதும் குழாயிற் கிடந்து காலையில் வரும் முதல் நீருக்கு. இரண்டாவது, நாற்பத்தைந்து விநாடி ஓடவிட்ட பின் வரும் நீருக்கு. மூன்றாவது, இரண்டு நிமிடத்தின் பின் வரும் நீருக்கு.